இருபத்தாறாவது படி

“அக்கா, பத்து மணிக்கு இருபத்தாறு பிள்ளைங்க வருதுங்க. படிக்கு ஒரு பிள்ளை, ஆளுக்கொரு அகல்விளக்கு. படியை நல்லாத் துடைச்சு வச்சிருங்க” என்று சொல்லிவிட்டு எழிலன் மைக்செட்காரரைத் தேடிப் போய்விட்டான். வழிகாட்டி வேலைக்கு வந்த பிள்ளை, சொல்வதுதான் அவன் வேலை, சொன்னான், போனான். பஞ்சவர்ணம் மாப்பைப் பிடித்தபடி முதல் படியில் நின்றாள். இருபத்தாறு பிள்ளைகள். படிக்கு ஒரு பிள்ளை. படி இருபத்தைந்து. இந்தக் கணக்கைப் போட, ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கும் விரல் தேவைப்படவில்லை. தாழிமேட்டில் இந்த அருங்காட்சியகக் கட்டடத்துக்குள் மெய்யாக எத்தனை படி என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் அதைக் கட்டிய கொத்தனார் ஆண்டிச்சாமி, அவளுடைய வீட்டுக்காரர். இன்னொருத்தி, அவரை ஒரு ராத்திரி முழுக்க அரித்து, சாப்பிடாமல் கிடந்து, அந்த ஒரு படியை விழுங்க வைத்தவள். அவள்தான் இப்போது வாளியில் மாப்பை முக்கி, பிழிய மறந்து, முதல் படியில் குளம் கட்டிக்கொண்டிருந்தாள்.

குளத்தைத் தள்ளினாள். இந்தப் படி இன்றைக்கு. எழிலன் அப்படித்தான் சொல்வான், காகிதத்தில் எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் பண்ணியவன். ‘நீங்கள் நிற்கும் முதல் படி இன்றைய நூறு ஆண்டு. ஒவ்வொரு படியாக இறங்க இறங்க நூறு நூறு ஆண்டுகள் பின்னால் போகிறீர்கள். இருபத்தாறாவது படியில் இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுக்கு முந்திய மனிதர்களின் காலடியைத் தொடுகிறீர்கள்.’ திறப்பு விழாவுக்கு முன்னாலேயே சும்மா பார்க்க வருகிற ஜனத்துக்கு மூன்று மாதமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒருநாளும் எண்ணியதில்லை. படியில் நம்பர் போட்டிருந்தால் அன்றைக்கே மாட்டியிருக்கும். கட்டடத்தை வரைந்த வசுமதி மேடம்தான் வேண்டாம் என்றார்கள். எழுத்தே இருக்கக் கூடாது, வருகிறவர்களின் பாதம் படிக்க வேண்டும் என்றார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஜனங்களின் பாதத்துக்குப் படிக்கத் தெரியவில்லை. போன மாதம் மேடமே வந்து பார்த்தபோதுகூட, கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் விரலை உரசியபடி இறங்கினார்கள். பஞ்சவர்ணம் கீழே நின்று தன் முந்தானை முனையைக் கடித்துக்கொண்டிருந்தாள். மேடம் கடைசிப் படிக்கு வந்து கண்ணைத் திறந்தபோது கண்ணில் தண்ணீர். எண்ணியிருக்க மாட்டார்கள். அழுகிறவர்களுக்கு எங்கே எண்ண வரும். அவளும் அழுதாள், பயத்தில். மேடம் அவள் கையைப் பிடித்து, “உங்களுக்குப் புரியுதும்மா” என்றார்கள்.

நான்காவது படி, ஐந்தாவது படி. தப்பு அவளுடையதுதான், இல்லை, தப்பு என்று எப்படிச் சொல்வது. இந்தப் பக்கத்தில் படி கட்டுகிற எந்தக் கொத்தனாரும் எண்ணாமல் கட்ட மாட்டார். முதல் படி இந்திரன், இரண்டாவது எமன், மூன்றாவது ராஜா. மறுபடியும் இந்திரன், எமன், ராஜா. கடைசிப் படி இந்திரனில் முடியலாம், ராஜாவில் முடியலாம், எமனில் மட்டும் முடியக் கூடாது. அவளுடைய கொழுந்தனார் கேட்காமல் வாசலுக்கு எட்டுப் படி வைத்தார், ஆறே மாதம், அவருடைய மாமியார் பெட்டியோடு வந்து இறங்கினாள், பதினோரு வருஷமாக இறங்கிய இடத்திலேயே இருக்கிறாள். அதைப் பார்த்தபிறகும் யாராவது கண்டும் காணாமல் இருக்க முடியுமா. அன்றைக்கு வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, “இருவத்தாறு படி, நாளைக்குக் காங்கிரீட்டு” என்று சொன்னார். அவள் ரசம் ஊற்றிய கரண்டியோடு விரல் மடக்கி எண்ணினாள். இருபத்தாறு, எமன். “அதெல்லாம் வீட்டுக்குத்தான் பார்க்கிறது, இது சர்க்கார் கட்டடம்” என்றார். சர்க்கார் கட்டடத்துக்கு எமன் வர மாட்டானா, அவனுக்கு முதலில் வழி தெரிவதே அதுதான். அதுவும் செத்தவர்களைப் பானையில் வைத்துப் புதைத்த இடத்தில், குழியை நோக்கி இறங்குகிற படியைக் கொண்டுபோய் எமனில் முடித்தால், வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் கதி என்ன, கட்டியவர் கதி என்ன. கட்டியவர் கதியைத்தான் முதலில் நினைத்தாள், பிள்ளைகளைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டாள், அவருக்குப் பிள்ளைகள் என்றால் இளகும். “மேடத்துக்கிட்டச் சொல்லிட்டுச் செய்வோம்” என்றார். சொன்னால் சிரிப்பார்கள், வேண்டாம் என்றாள். “அப்ப ஒண்ணு கூட்டி இருவத்தேழா வச்சு ராஜாவுல முடிச்சிருவமா” என்றார். அதற்கும் அவள்தான் குறுக்கே விழுந்தாள். இல்லாத நூறு வருஷத்தை இருப்பதாகச் சொல்வது பொய் இல்லையா. இருக்கிற நூறு வருஷத்தை மறைப்பது வாயை மூடிக்கொண்டிருப்பது, அவ்வளவுதான். அன்றைக்கு அது ரொம்ப நியாயமாகத் தெரிந்தது. மறுநாள் அவர் படிக்குக் காலங்குலம் உயரம் கூட்டினார், கால்கூட முழுசாக இல்லை, இருபத்தைந்தில் முடித்தார். இஞ்சினியர் மொத்த ஆழத்தை அளந்தார், சரியாக இருந்தது, போனை எடுத்துக் காதில் வைத்தார். அந்தக் காலங்குலம் உலகத்தில் பஞ்சவர்ணத்தின் முழங்காலுக்கு மட்டும்தான் தெரிகிறது. ஒவ்வொரு படிக்கும் சொல்லிக் காட்டுகிறது.

எட்டாவது படியில் கொழுந்தனாரின் மாமியாரை நினைத்துக்கொண்டு வேகமாகத் துடைத்துவிட்டு இறங்கினாள். எந்த நூறு வருஷம் போயிற்று என்பதுதான் அவளுக்கு முதலிலிருந்தே பிடிபடவில்லை. மேலிருந்து எண்ணினால் ஆகக் கடைசி நூறு வருஷம், தாழிக்காரர்களுடையது, இல்லை. அவர்களுக்காகத்தான் கட்டடமே. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டுவிட்டு மாப்பிள்ளைக்கு இலை இல்லை என்பது மாதிரி. கீழேயிருந்து எண்ணினால் இன்னும் மோசம். மேலே வந்து சேரும்போது இன்றைக்கு இல்லை. நாம் யாரும் இல்லை. இந்த நூறு வருஷத்தில் பிறந்த அவள் இல்லை, ஆண்டிச்சாமி இல்லை, கொழுந்தனாரின் மாமியார் இல்லை (அதில் ஒரு நொடி ஆறுதல் இருந்தது), கட்டடம் இல்லை, படியே இல்லை. இல்லாத படியை இல்லாதவள் எதற்குத் துடைக்கிறாள். அப்படியானால் நடுவில் எங்கேயோ போயிருக்கட்டும் என்று விட்டால், அந்த நூறு வருஷத்தில் எத்தனை பேர் பிறந்திருப்பார்கள், எத்தனை பெண்டுகள் படி ஏறி இறங்கி முழங்கால் வலி கண்டிருப்பார்கள், அத்தனை பேரையும் ஒரு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார் கி.மு. நடத்த ஆரம்பித்த வாரத்தில்தான் அவள் நின்றாள். கி.மு.வில் வருஷம் போகப்போகக் குறையும் என்று அவர் சொன்னதோடு சரி. ஏன் குறையும் என்று சொல்கிற அன்றைக்கு அவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். போயிருந்தால் இன்றைக்கு ஏதாவது வழி தெரிந்திருக்கும்.

பத்தாவது படியில் தலைக்கு மேலே கூரையில் ஓட்டை. அதைத் துடைக்க முடியாது, அதன் வழியாக வந்ததைத்தான் துடைக்கலாம். வருஷத்தில் ஒரே ஒரு நாள் உச்சிவேளையில் அந்த ஓட்டை வழியாக வெயில் நேராகத் தாழிமேல் விழுமாம். மிச்ச நாளெல்லாம் மழை விழுகிறது, புறா விழுந்த மாதிரி உட்காருகிறது. கட்டடமே சாய்ந்து கிடக்கிற ஒரு பெரிய தாழி மாதிரிதான், மேலே பறந்து பார்த்தால் தெரியும் என்கிறார்கள், அந்தப் புறாவுக்குத் தெரியும்போல. வாசல் நிலை குட்டை, வருகிறவர்கள் முன்னோருக்குத் தலை குனிய வேண்டும் என்று வைத்தது. குனியாமல் வந்த ஒரு அதிகாரி நெற்றியில் வாங்கிக்கொண்டு, முன்னோரையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னார். கழிப்பறைக் கதவில் எழுத்து கிடையாது, ஒன்றில் மூடி போட்ட தாழிப் படம், ஒன்றில் மூடி இல்லாத தாழி. மூடியது பெண்ணா, மூடாதது பெண்ணா என்று ஒரு நாளைக்கு இருபது பேர் அவளிடம் கேட்கிறார்கள். அவளுக்கும் ஆரம்பத்தில் ஒரு வாரம் மாறிமாறித்தான் தெரிந்தது. சுவருக்குப் பூச்சு கிடையாது, காலம் அப்படியே தெரிய வேண்டுமாம். அதில்தான் அவருக்கு மனசு விட்டுப் போயிற்று. முப்பது வருஷமாக இந்த வட்டாரத்தில் ஆண்டிச்சாமி பூச்சு என்றால் கன்னம் வைத்துப் பார்க்கலாம். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, “பூச்சு வேலை எப்ப மாப்ள?” என்று கேட்கும்போதெல்லாம், “இது அப்பிடித்தான்” என்பார், திருட்டு விழி விழித்துக்கொண்டு.

அந்த மனுஷருக்கு இன்றைக்குத் திறப்பு விழா மேடையில் பொன்னாடை. பதினான்காவது படியில் மாப்பு நின்றுவிட்டது. அழைப்பிதழில் பேர் போட்டிருக்கிறது, தலைமைக் கொத்தனார் திரு. ஆண்டிச்சாமி என்று. திரு. எத்தனை வீடு கட்டினார், எத்தனை பால்காய்ப்பில் வேட்டி துண்டு வாங்கிக்கொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்தார், யார் திரு போட்டார்கள். அழைப்பிதழைப் பாலிதீன் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறார். காலையில் மீசைக்கு மை அடித்தார், மை மேலுதட்டிலும் ஏறி, யாரையோ பார்த்து உறுமப் போகிறவர் மாதிரி இருந்தது. “தேய்ச்சா போயிரும்ல?” என்று நாலு தடவை கேட்டார். அவருக்கு இந்த இருபத்தாறு பிள்ளைகள் விஷயம் தெரியாது. தெரிந்தால் அப்படியே நேராக மேடத்திடம் போவார். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். ‘நான்தான் மேடம் ஒரு படியைக் குறைச்சேன்’ என்று நான் நானென்று சொல்வார், அவள் பேரை எடுக்க மாட்டார். கெட்ட பேரைத் தான் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்தபிறகும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். திட்டினால்கூடத் தாங்கலாம், இது அதைவிடக் கொடுமை. பாலிதீன் உறையை மட்டும் எடுத்துப் பரண்மேல் வைப்பார்.

பதினேழு, பதினெட்டு. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் போதும். லேசாக. சீ, யார் பெற்ற பிள்ளைக்கோ. காய்ச்சல் வேண்டாம், பஸ்ஸை விட்டுவிடட்டும். பள்ளிக்கூட வண்டியில் அல்லவா வருகிறார்கள். சித்தி கல்யாணம் என்று யாராவது ஒருத்தி லீவு போட்டிருக்கலாம், இந்த முகூர்த்த நாளில் எந்தச் சித்திக்கும் கல்யாணம் இல்லாமலா போகும். இல்லையென்றால் ஒரு படியில் வாளியை வைத்துவிட்டு மறந்த மாதிரி இருந்தால்? அப்போது இரண்டு பிள்ளைக்கு இடம் இல்லாமல் போகும். இந்தக் கணக்கு அவளுக்கு எப்போதும் எதிர்ப் பக்கமாகவே போகிறது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு. எண்ணிக்கொண்டே வந்தால் ஒருவேளை இன்றைக்கு இருபத்தாறு இருக்குமோ என்று ஒரு ஆசை, மூன்று மாதமாகத் தினமும் இருக்கிற ஆசைதான். இருபத்தைந்து. அதற்குக் கீழே தரை. தரையில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மூன்று தாழிகள், வயிறு பெருத்து, ஒன்றும் சொல்லாமல். பக்கத்தில் அவள் உட்காருகிற பிளாஸ்டிக் ஸ்டூல், கால் துடைக்கிற சாக்கு.

வண்டிச் சத்தம் கேட்டது. அப்புறம் பிள்ளைச் சத்தம். எல்லாம் பட்டுப்பாவாடை, எல்லாம் ஏழாம் வகுப்பு. டீச்சரம்மா மேலே நின்றுகொண்டு, “வரிசையா எறங்குங்கடி, மொத ஆளு கடைசிப் படியில, அங்கேருந்து ஒவ்வொருத்தியா” என்றார். மேடத்தின் கதர்ச் சேலையும் மேலே தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் கஞ்சி மொடமொடக்கும் வேட்டியில் அவர், மீசையோடு. பஞ்சவர்ணம் கீழே தரையில் மாப்பைப் பிடித்துக்கொண்டு, இறங்கி வருகிற பாவாடைகளை எண்ணினாள். முதலில் வந்தவள் ஒல்லியாக, ரெட்டைச் சடையோடு, விளக்கைப் பார்த்துக்கொண்டே வந்தவள், இருபத்தைந்தாவது படியில் நின்றாள். பின்னால் வந்தவள் அதற்கு மேல்படியில். அப்படியே நிரம்பிக்கொண்டு மேலே போயிற்று. முதல் படியிலும் ஒருத்தி நின்றுவிட்டாள். அவளுக்கும் பின்னால் ஒருத்தி, வாசல் நிலைக்கு அடியில், விளக்கோடு, நிற்க நூற்றாண்டு இல்லாமல் முழித்தாள்.

“என்னடி, சரியா நிக்கிறீங்களா? ரெண்டு படிக்கு ஒருத்தியா யாராச்சும் நிக்கிறீங்களா?” டீச்சரம்மா விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு. மேடம் நெற்றியைச் சுருக்கினார்கள். அவரும் பார்த்தார், ஒரு பார்வையில் பிடித்துவிட்டார், கொத்தனார் கண் அல்லவா. பார்த்ததும் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அப்படித் துண்டை எடுத்தார் என்றால் உண்மையைச் சொல்லப் போகிறார் என்று அர்த்தம். “மேடம், அது வந்து” என்றார். பஞ்சவர்ணத்தின் கால் தானாக வாளியை உதைத்தது. காலி வாளிதான், ஆனால் அந்தத் தாழிக் கட்டடத்துக்குள் கோயில் மணி மாதிரி சுற்றிச்சுற்றி முழங்கிற்று. எல்லாரும் கீழே பார்த்தார்கள். ஆண்டிச்சாமி வாயைத் திறந்தபடி நின்றார். இனி ஏதாவது பேசியாக வேண்டும். எதிரே அந்த ரெட்டைச் சடைக்காரி இருந்தாள்.

“தாயி, நீ ஏன் அங்கனயே நின்னுட்ட, கீழ எறங்கு. ஒன் எடம் அது இல்ல. எல்லாரும் ஒருபடி எறங்கி வாங்கத்தா.”

பிள்ளை தரைக்கு இறங்கினாள். பட்டுப்பாவாடைகள் ஒவ்வொரு படி இறங்கின. நிலைக்கு அடியில் முழித்தவளுக்கு முதல் படி கிடைத்தது.

மேடம் இறங்கி வந்தார்கள். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு, பிள்ளைகளுக்கு நடுவே ஒவ்வொரு படியையும் பார்த்துக்கொண்டு. உதடு அசைகிறது. எண்ணுகிறார்கள். இருபத்தைந்தாவது படியில் நின்று தரையில் நிற்கிற பிள்ளையைப் பார்த்தார்கள், பஞ்சவர்ணத்தைப் பார்த்தார்கள்.

“பிள்ளையைத் தரையில நிக்கச் சொன்னது யாரு?”

“நாந்தான் மேடம்.”

“ஏன்?”

ஏன் என்றால் என்ன சொல்வது. சரித்திர வாத்தியார் ஏன் என்று சொன்ன அன்றைக்குத்தான் அவள் போகவில்லை. அவளுக்குக் கண் தாழிமேல் போயிற்று. “படியில நிக்கிறவுகள்லாம் எறங்கி வந்தவுக மேடம், நாமதான். அவுக எறங்கியா வந்தாக. இந்தத் தரையிலதான இருந்தாக. அவுகளுக்கு எதுக்குப் படி.” “மண்ணே அவுக படிதான” என்று இன்னொன்றும் சேர்த்துவிட்டாள், எங்கிருந்து வந்ததோ.

மேடம் திரும்பி மேலே பார்த்தார்கள். “ஆண்டிச்சாமி, நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?”

அவர் துண்டைப் பார்த்தார், பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். “அதேதான் மேடம்” என்றார். முப்பது வருஷத்தில் அவர் சொன்ன முதல் பொய், அதையும் பாதியாகத்தான் சொல்ல வந்தது. மேடம் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினார்கள். எழுதும்போது சிரித்த மாதிரி இருந்தது. தெரிந்து சிரித்தார்களா, தெரியாமல் சிரித்தார்களா என்பதை அவள் அடுத்த பத்து வருஷத்துக்கு வைத்துக் கவலைப்படலாம்.

அப்புறம் மேலே மைக்கில் மேடம் பேசியது கீழே வரைக்கும் கேட்டது. இருபத்தைந்து படிகள் மனிதர்கள் கட்டியவை, இருபத்தாறாவது மண், அதை யாராலும் கட்ட முடியாது, அதனால் கட்டவில்லை என்றார்கள். கைதட்டல் ஓட்டை வழியாக வந்து தாழிமேல் விழுந்தது. திரு. ஆண்டிச்சாமி என்று கூப்பிட்டார்கள். பஞ்சவர்ணத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது, ஸ்டூலில் உட்காரப் போனாள், உட்காரவில்லை. இருபத்தைந்து இந்திரன். தரை இருபத்தாறு என்று அவளே வாயால் சொல்லி, மேடம் மைக்கில் சொல்லி, ஊரே கைதட்டி உறுதிப்படுத்திவிட்டது. தரை எமன். மூன்று மாதமாக அவள் ஸ்டூல் போட்டு எமன்மேல் உட்கார்ந்து மத்தியானச் சோறு சாப்பிட்டிருக்கிறாள். அவள் தொலையட்டும், ஐம்பது வயதாகிவிட்டது. யார் பெற்ற பிள்ளையோ, ரெட்டைச் சடை போட்டு, விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு அல்லவா அந்தப் படியில் நிற்கிறது. அவள்தான் பிடித்து நிறுத்தினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். கால் துடைக்கிற சாக்கு கிடந்தது. எடுத்து உதறி, நாலாக மடித்து, பிள்ளையின் காலடியில் போட்டாள்.

“இதுமேல ஏறி நில்லு தாயி.”

“எதுக்குக்கா?”

“தரை ஈரம். ஏறு.”

பிள்ளை ஏறினாள். அரை அங்குலம் உயர்ந்தாள். இருபத்தேழு, ராஜா. பஞ்சவர்ணம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

விழா முடிந்து பிள்ளைகள் வண்டி ஏறியபிறகு எழிலன் ஓடிவந்தான். “அக்கா, அந்தச் சாக்கை எடுத்துறாதீங்க. மேடம் பார்த்தாங்க. இனி வரப்போற நூற்றாண்டாம், அது முடிவாகாம மெத்துனு இருக்கணுமாம், அப்படியே கிடக்கட்டும்னுட்டாங்க. எனக்கும் எழுதிக் குடுத்திருக்காங்க.” கையிலிருந்த காகிதத்தை அப்போதே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டான். அது போன மாதம் வரைக்கும் தவிட்டுச் சாக்கு. ஓட்டை வழியாக ஒரு மழை பெய்தால் வரப்போகிற நூற்றாண்டு நாறும், அதை யார் மேடத்திடம் சொல்வது. கால் துடைக்க நாளைக்கு வேறு சாக்குக்கு எங்கே போவது.

படியில் செருப்பில்லாத காலடிச் சத்தம். அவர் இறங்கி வந்துகொண்டிருந்தார், சரிகைப் பொன்னாடை தோளில், மீசை மை உதட்டில், தலை குனிந்தபடி. முன்னோருக்குக் குனிந்ததாகத் தெரியவில்லை, உதடு அசைந்தது. கடைசிப் படி தாண்டித் தரையில் கால் வைக்கப் போனவர் நின்றார். மடித்துக் கிடந்த சாக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தரையை மிதிக்காமல் ஒரே எட்டில் சாக்கின் மேல் ஏறி நின்றுகொண்டார்.

“ராஜா” என்றார்.

“கால்ல சிமெண்டு இல்லையே?” என்றாள் பஞ்சவர்ணம். “பாத்து நில்லுங்க, அது இனிமே சர்க்கார் சாக்கு.”